கடைந்து செய்த பழைய டார்ச்சில் புதிய எல்இடி: எதைப் பொருத்துவது?

காப்பித்தோட்டம் (நாகலூர், ஏற்காடு)

அனைவருக்கும் வணக்கம். சேலத்து லேத் பட்டறை ஒன்றில் அலுமினிய ராடைக் கடைந்து, அளவு சொல்லிச் செய்வித்த டார்ச் ஒன்றை 2012 முதல் பயன்படுத்தி வருகிறேன். ஒற்றை 18650 மின்கலம் (திரும்ப மின்னேற்றக்கூடிய லித்தியம் வகை), 40 மில்லிமீட்டர் வாயகலமுள்ள வழவழப்பான ரிஃப்ளெக்டர், எல்இடி அமர்ந்திருக்கும் பித்தளைத் தாங்கி, எல்இடிக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும், எட்டு 7135 சில்லுகள் கொண்ட டிரைவர், கிரீ நிறுவனத்தின் எக்ஸ்எம்-எல் டி6 எல்இடி ஆகியவை அதன் உறுப்புகள். கைப்பிடியில் வெட்டிய சொரசொரப்பு இன்னும் மழுங்கவில்லை, மரைகளும் தளரவில்லை. ஆகவே இந்த உடலைக் கைவிட்டுப் புதிய டார்ச் வாங்கும் எண்ணம் எனக்கு இல்லை. எல்இடியை மட்டும் இன்றைய தரத்துக்கு மாற்ற விரும்புகிறேன்.

என் தேவை மூன்று வகைப்பட்டது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை அறுவடைக் காலத்தில், பறித்த பழத்தை அன்றே தோலுரிக்க வேண்டியிருப்பதால், பொழுது சாய்ந்த பின்னும் களத்தில் வேலை நடக்கும். அப்போது சாக்கில் வந்த பழத்தில் பச்சைக்காய் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, களத்திலிருந்து வீட்டுக்கு வரும் பாதை. சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே போகும் அந்தப் பாதையில் மூட்டம் இறங்கிவிட்டால், டார்ச்சை ஏற்றியதும் முன்னால் வெள்ளைச் சுவர் எழுந்து நிற்பது போல் ஆகிவிடுகிறது. மூன்றாவது, வளைவைத் திரும்புவதற்கு முன் காட்டெருமை நிற்கிறதா என்று தொலைவிலிருந்தே தெரிந்துகொள்வது. இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அதன் அவசியத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

விளம்பரங்களில் எக்ஸ்எச்பி70 என்ற எல்இடியைப் பல ஆயிரம் லூமென் (மொத்த ஒளியின் அளவு) என்று சொல்லி விற்கிறார்கள். அதை என் டார்ச்சில் பொருத்த முடியுமா? முடியாது என்றால் எது பொருந்தும்? டிரைவரையும் மாற்ற வேண்டுமா? இன்வெர்ட்டர் ஒயர்களைச் சால்டர் செய்யும் அளவுக்குத்தான் எனக்குப் பழக்கம் உண்டு. உடலில் எங்கும் வெட்டவோ துளையிடவோ கூடாது என்பது மட்டும் என் நிபந்தனை.


ஐந்துரோடு (சேலம்)

வணக்கம் ஐயா. எக்ஸ்எச்பி70 உங்களுக்கு ஒத்துவராது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது நான்கு ஒளிரும் துண்டுகளை ஒரே உறைக்குள் அடக்கிய எல்இடி. 6 வோல்ட்டிலோ 12 வோல்ட்டிலோ இயங்குவது. ஒற்றை மின்கலத்தின் 4.2 வோல்ட்டை உயர்த்திக் கொடுக்கும் பூஸ்ட் டிரைவர் அதற்கு வேண்டும். அதன் 7 மில்லிமீட்டர் உறை உங்கள் ரிஃப்ளெக்டரின் துளையில் நுழைவதே ஐயம். எப்படியாவது பொருத்திவிட்டாலும், அவ்வளவு பெரிய ஒளிப்பரப்பை 40 மில்லிமீட்டர் ரிஃப்ளெக்டரால் குவிக்க முடியாது. விரிந்த ஒளிதான் கிடைக்கும். அதன் வெப்பத்தை இந்தச் சிறிய உடலால் நெடுநேரம் தாங்கவும் முடியாது.

அடுத்து லூமென் கணக்கு. உங்கள் டிரைவரில் ஒவ்வொரு 7135 சில்லும் 350 மில்லி ஆம்பியர் தரும். எட்டும் சேர்ந்தால் 2.8 ஆம்பியர். எக்ஸ்எம்-எல் வெளிவந்தபோது 3 ஆம்பியரில் 1000 லூமென் வரை தரும் என்று கிரீ அறிவித்தது. அதற்கு அடுத்து வந்த எக்ஸ்எம்-எல்2 அதைவிட 20 விழுக்காடு கூடுதல் என்றது. இருட்டில் 20 விழுக்காடு வேறுபாட்டை நம் கண் பெரும்பாலும் உணராது. இரண்டு டார்ச்சையும் அருகருகே சுவரில் அடித்துப் பார்த்தால் ஒருவேளை தெரியலாம். எனவே மின்னோட்டத்தைக் கூட்டாமல் எல்இடியை மட்டும் மாற்றுகிறவர் வெளிச்சம் இரு மடங்காகும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வேறு எது மேம்படும் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் பொருத்தம்.

உங்கள் முதல் தேவைக்கு விடை நிறத்தில் இருக்கிறது. ஒரு வெளிச்சத்தில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரிகின்றன என்பதை 100க்கு அளக்கும் சுட்டெண் சி.ஆர்.ஐ. 2012 காலத்து, நீலச்சாயலுள்ள குளிர்வெள்ளை எக்ஸ்எம்-எல்லுக்கு அது 65, 70 என்ற அளவில் இருக்கும். அந்தச் சுட்டெண்ணின் சராசரியில் சேராத ஆர்9 என்ற தனி மதிப்பு ஒன்று உண்டு; அடர்சிவப்பு எவ்வளவு சரியாகத் தெரிகிறது என்பதை அது அளக்கிறது. இத்தகைய எல்இடிகளில் அது பூச்சியத்துக்கும் கீழே போகும். பழுத்த காப்பிப் பழம் உங்கள் டார்ச் வெளிச்சத்தில் மண்ணிறமாகத் தெரிவதும், அரைப்பழுப்புக்கும் முழுப்பழுப்புக்கும் வேறுபாடு காண முடியாமல் போவதும் இதனால்தான். நிச்சியா நிறுவனத்தின் 519ஏ எல்இடியில் ஆர்9080 என்று குறித்த வகையை வாங்கினால், சி.ஆர்.ஐ. 90க்கும் ஆர்9 80க்கும் குறையாமல் கிடைக்கும். 4500 கெல்வின் வண்ணம் உங்களுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து (கெல்வின் எண் குறைந்தால் ஒளி மஞ்சளாகும், கூடினால் நீலமாகும்). காய்ந்த சருகின்மேல் கண்ணாடிவிரியன் கிடந்தாலும், எல்லாமே சாம்பலாகத் தெரியும் குளிர்வெள்ளை ஒளியைவிட இதில் விரைவாகக் கண்ணில் படும். லூமென் மட்டும் இப்போது உள்ளதைவிட அதிகம் இருக்காது. நிறத்துக்குக் கொடுக்கும் விலை அது.

மூட்டத்தைப் பற்றி ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது: மஞ்சள் ஒளி மூட்டத்தை ஊடுருவும், வெள்ளை ஒளி ஊடுருவாது என்பது. மூட்டத்தின் நீர்த்துளிகள் சில மைக்ரான் முதல் சில பத்து மைக்ரான் வரை பருமன் உடையவை. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ ஒரு மைக்ரானைக்கூடத் தொடுவதில்லை. துளி அலைநீளத்தைவிட இவ்வளவு பெரிதாக இருக்கும்போது, நீலமும் மஞ்சளும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் சிதறும். மஞ்சள் சாயலுள்ள வெதுவெள்ளையில் கூச்சம் சற்றுக் குறைவாகத் தோன்றலாம், தொலைவு கூடாது. நீங்கள் சொல்லும் வெள்ளைச் சுவர், கண்ணுக்கு அருகில் இருக்கும் துளிகள் ஒளியை நேரே திருப்பி அனுப்புவதால் எழுவது. டார்ச்சைத் தோளுயரத்தில் பிடிக்காமல் இடுப்புக்குக் கீழே தாழ்த்திப் பிடித்தால், ஒளி போகும் பாதையும் கண் பார்க்கும் பாதையும் விலகிவிடும்; எந்த எல்இடி மாற்றத்தையும்விட இதில் பலன் அதிகம். ரிஃப்ளெக்டரின் விளிம்பிலிருந்து பக்கவாட்டில் சிதறும் ஒளியை மறைக்க, தலைப்பகுதியில் உட்புறம் கருப்படித்த சிறு குழாய் ஒன்றை மாட்டிக்கொள்வதும் உதவும்.

டிரைவரை இப்போதைக்கு அப்படியே வைத்துக்கொள்ளலாம். 7135 வகை டிரைவர் மிகுதி மின்னழுத்தத்தை வெப்பமாக்கிக் கழிக்கிறது. 2.8 ஆம்பியரில் எக்ஸ்எம்-எல்லுக்கு ஏறக்குறைய 3.3 வோல்ட் வேண்டும். புதிய எல்இடிக்கு 3.1 வோல்ட் போதும் என்று வைத்துக்கொண்டால், அந்த 0.2 வோல்ட்டின் பயன் மின்கலத்துக்குப் போய்ச் சேராது. மின்கலத்திலிருந்து வழக்கம்போல் 2.8 ஆம்பியர்தான் வெளியேறும், அரை வாட்டுக்கும் சற்று மேலான வெப்பம் எல்இடியை விட்டு டிரைவருக்கு இடம்பெயரும். ஆகவே இயங்கும் நேரம் கூடிவிடாது. ஆனால் வேறொரு நன்மை உண்டு. மின்கலத்தின் மின்னழுத்தம் எல்இடிக்கு வேண்டியதைவிட 0.12 வோல்ட்டாவது மேலே இருக்கும் வரைதான் 7135 சீரான மின்னோட்டம் தரும்; முன்பு 3.42 வோல்ட்டிலேயே மங்கத் தொடங்கிய டார்ச், இனி 3.22 வரை மங்காமல் நிற்கும். அறுவடை மாலையில் வேலை முடியும் தறுவாயில் ஒளி சோர்ந்துபோவது இதனால் குறையும்.


மலைப்பாதை (ஏற்காடு அடிவாரம்)

ஐந்துரோடு அண்ணன் சொன்ன கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் மூன்றாவது தேவையை அவர் கைவிட்டுவிட்டார். காப்பிப் பழத்தின் நிறத்தைக் களத்தில் ஒரு நல்ல பல்பை மாட்டியும் பார்க்கலாம். வளைவுக்கு அப்பால் நிற்கும் காட்டெருமையைப் பார்க்கக் கையில் உள்ள டார்ச்தான் உண்டு. ஆகவே அந்தத் தேவைக்குத்தான் முதலிடம் தர வேண்டும்.

தொலைவை முடிவு செய்வது லூமென் அல்ல, ஒரு திசையில் ஒளி எவ்வளவு வலிமையாகக் குவிகிறது என்பதை அளக்கும் கேண்டெலா. 2009இல் டார்ச்சுகளுக்கென்று வந்த எஃப்எல்1 தரக்குறிப்பின்படி, ஒரு பரப்பில் விழும் ஒளி 0.25 லக்ஸாகக் குறையும் இடம்வரை டார்ச்சின் எட்டுதூரம். கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் அது மீட்டரில் கிடைக்கும். 10,000 கேண்டெலாவுக்கு 200 மீட்டர். 20,000 கேண்டெலாவுக்கு ஏறத்தாழ 280 மீட்டர். கேண்டெலாவைக் கூட்ட இரண்டு வழிகள் உள்ளன. ரிஃப்ளெக்டரைப் பெரிதாக்கலாம், உடலை மாற்றக்கூடாது என்று நீங்கள் சொல்வதால் அது இயலாது. மற்ற வழி, எல்இடியின் ஒளிப்பரப்பு ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் அதிகம் ஒளிரும்படி செய்வது. எக்ஸ்எம்-எல்லின் மேல் இருக்கும் உருண்டை மூடி உள்ளிருக்கும் துண்டைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. ரிஃப்ளெக்டருக்குத் தெரிவது அந்தப் பெரிதாக்கிய உருவம் என்பதால், ஒளிக்குவியலும் அகன்றுவிடுகிறது.

லூமினஸ் நிறுவனத்தின் எஸ்எஃப்டி-40 எல்இடியில் இந்த மூடி இல்லை. உறையின் அளவு எக்ஸ்எம்-எல்லுக்கு உள்ள அதே 5 மில்லிமீட்டர். இயங்கும் மின்னழுத்தமும் அதே வகை. அடித்தளப் பற்றுப்புள்ளிகளும் பொருந்தும். லூமெனில் பெரிய மாற்றம் இல்லாமலே, உங்கள் ரிஃப்ளெக்டரில் நடுப்புள்ளி கண்ணுக்குத் தெரியும்படி கூர்மையாகும். மேலும் அது எக்ஸ்எம்-எல்லின் 3 ஆம்பியர் வரம்பைத் தாண்டியும் மின்னோட்டம் ஏற்கும் என்பதால், பின்னாளில் டிரைவரை மாற்றினால் அதற்கும் இடமிருக்கும். பரவலாகக் கிடைப்பது 6500 கெல்வின் குளிர்வெள்ளை. நிறம் உங்களுக்குச் சலிப்பைத் தரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. காட்டெருமை நிற்பது தெரிந்தவுடன் ஒளியைத் தரையை நோக்கித் தாழ்த்திவிடுங்கள். அதன் கண்ணில் குவியொளியைப் பிடித்துக்கொண்டே நிற்பது அதை மிரட்டும். மிரண்ட காட்டெருமை எந்தப் பக்கம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது.


ஐந்துரோடு (சேலம்)

தம்பி சொல்வது தெளிந்த வானிலைக்குச் சரி. மூட்டம் இறங்கிய இரவில் 280 மீட்டரும் இல்லை, 200 மீட்டரும் இல்லை. முப்பது மீட்டர் தெரிந்தால் பெரிது. தோட்டத்துப் பாதையில் நேராக நூறு மீட்டர் பார்வை கிடைக்கும் இடமும் அரிது. எனினும் சாலையில் அடிக்கடி நடப்பவர் என்றால் எஸ்எஃப்டி-40க்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன்.


பட்டறைவாசல் (சேலம், சூரமங்கலம்)

வணக்கம். எந்த எல்இடி என்று இருவரும் விவாதிக்கிறார்கள். அதன் கீழே இருப்பதைப் பற்றி நான் சொல்கிறேன். கடைசல் வேலை என் தொழில் என்பதால் என் கண் அங்கேதான் போகிறது.

எல்இடிக்குக் கொடுக்கும் மின்னாற்றலில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் மாறும். 2.8 ஆம்பியரில் ஒன்பது வாட் செல்கிறது என்றால், அதில் ஐந்தாறு வாட்டாவது எல்இடியின் அடியிலிருந்து வெளியேற வழி தேட வேண்டும். அந்த வழி முதலில் எல்இடி ஒட்டியிருக்கும் தட்டு, அடுத்து பித்தளைத் தாங்கி, அடுத்து மரை, பிறகு அலுமினிய உடல், கடைசியில் உங்கள் கை. 2012இல் கிடைத்தவை பெரும்பாலும் அலுமினியத் தட்டுகள். அவற்றில் செம்புப் படலத்துக்கும் அலுமினியத்துக்கும் நடுவே மின்காப்புப் பூச்சு ஒன்று இருக்கும், அது வெப்பத்தை எளிதில் விடாது. இன்று கிடைக்கும் செம்புத் தட்டுகளில், எல்இடியின் நடுப்புள்ளி இந்தப் பூச்சு இல்லாமல் நேரே செம்பின்மேல் பற்றப்படுகிறது. எக்ஸ்எம்-எல் போன்ற எல்இடிகளின் நடுப்புள்ளியில் மின் இணைப்பு இல்லாததால் இப்படிச் செய்ய முடிகிறது. நீங்கள் எந்த எல்இடியைத் தேர்ந்தெடுத்தாலும், இத்தகைய செம்புத் தட்டின்மேல் பற்றவைத்ததாகவே வாங்குங்கள். 519ஏக்கு 3.5 மில்லிமீட்டர் உறைக்கான தட்டும், எஸ்எஃப்டி-40க்கு 5 மில்லிமீட்டர் உறைக்கான தட்டும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு உதவாது.

பித்தளையைப் பற்றி ஒரு சொல். பார்வைக்கு அழகு, மரை வெட்ட எளிது என்பதால் பட்டறைகளில் அதைத்தான் எடுப்போம். வெப்பங்கடத்தலில் அது நடுத்தரம்: பித்தளைக்கு 110 முதல் 120 வரை, சாதாரண அலுமினியக் கலவைக்கு 160க்கு மேல், செம்புக்கு 390 வாட் என்பது மீட்டருக்கு ஒரு பாகைக்கான கணக்கு. செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்காரரைக் கேட்டால், வெள்ளி செம்பையும் மிஞ்சும் என்று சொல்வார். அது உண்மைதான், ஆனால் டார்ச்சுக்கு வெள்ளித் தாங்கி செய்ய நான் யாரையும் தூண்டப் போவதில்லை. இந்த வேறுபாடுகளையெல்லாம்விடக் கெடுதல் செய்வது நடுவில் இருக்கும் காற்றிடைவெளி. பழைய தாங்கிகள் பல உள்ளே குடைந்த வெறும் வளையமாக இருக்கும். தட்டு அதன் விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு நடுவில் அந்தரத்தில் நிற்கும். உங்கள் டார்ச்சைக் கழற்றி முதலில் இதைப் பாருங்கள். அப்படி இருந்தால் எந்தப் புது எல்இடியும் சில நிமிடங்களில் சூடேறி மங்கும்.

என் யோசனை இது. பழைய தாங்கியில் கை வைக்க வேண்டாம். அதே மரையில், மேல்முகம் முழுதும் கெட்டியாக இருக்கும்படி செம்பில் புதிய தாங்கி ஒன்றைக் கடைந்துகொள்ளலாம். இரண்டாகவே கடைந்துகொண்டால் ஒன்றில் 519ஏ, மற்றதில் எஸ்எஃப்டி-40 என்று வைத்து, தேவைக்கேற்ப மாற்றி முறுக்கிக்கொள்ளலாம். உடலில் கீறல்கூட விழாது. பழைய எக்ஸ்எம்-எல் தாங்கியும் அப்படியே பத்திரமாக இருக்கும். செம்பு கடைசலில் ஒட்டும், கருவியைப் பிடித்து இழுக்கும். அதனால் கூலி சற்றுக் கூடும். அதற்குத் தயங்கினால் அலுமினியத்தில் கடைந்தாலும் பித்தளையைவிட நல்லதே.

பட்டறைக்குப் போகும்போது வரைபடம் மட்டும் கொண்டு போகாதீர்கள். டார்ச்சின் தலையையும் பழைய தாங்கியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தனியாகச் சொல்லிச் செய்த டார்ச்சுகளில் மரையின் இடைவெளி ஏதாவது ஓர் அளவில் இருக்கும். மரைமானியை வைத்துப் பார்த்தாலும், இறுதியில் பழைய தலையில் முறுக்கிப் பார்த்துத்தான் பொருத்தம் சொல்ல முடியும்.


காப்பித்தோட்டம் (நாகலூர், ஏற்காடு)

மூவருக்கும் நன்றி. டார்ச்சைக் கழற்றிப் பார்த்தேன். பட்டறைவாசல் ஐயா ஊகித்தது சரி: தாங்கி உள்ளே குடைந்ததாகத்தான் இருக்கிறது, தட்டும் அலுமினியம். இரண்டு தாங்கி என்ற யோசனை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. முதலில் 519ஏ, அறுவடை முடிந்த பிறகு எஸ்எஃப்டி-40 என்று முடிவு செய்திருக்கிறேன்.

எனக்கு மேலும் இரண்டு ஐயங்கள். எல்இடியையும் தட்டையும் தனித்தனியே வாங்கி நானே பற்றவைக்கலாமா? தோசைக்கல்லின்மேல் வைத்துச் சூடாக்கினால் போதும் என்று எங்கோ படித்தேன். அடுத்தது, எக்ஸ்எம்-எல்லைவிட 519ஏ உருவில் சிறியது. அது ரிஃப்ளெக்டரின் துளையில் நடுவே எப்படி நிற்கும்?


ஐந்துரோடு (சேலம்)

தோசைக்கல் முறை நடைமுறையில் உள்ளதுதான். தட்டின் புள்ளிகளில் பற்றுப்பசையை மெல்லியதாகத் தடவி, எல்இடியைத் திசை பார்த்து வைத்து, கல்லைச் சீராகச் சூடாக்கினால், பசை உருகும் நொடியில் எல்இடி தானாகவே நடுவுக்கு வந்து அமரும். பரப்பிழுவிசை அதை இழுத்துக்கொள்ளும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த 63/37 பசை 183 பாகை செல்சியஸில் உருகும். பிஸ்மத் கலந்த பசை 138 பாகையிலேயே உருகிவிடும். டார்ச் சூடேறும் அளவுக்கு இரண்டாவதை நம்ப எனக்கு மனமில்லை, 63/37 போதும். ஆனால் ஈயம் படும் கல்லை மறுபடி அடுப்பங்கரைக்குக் கொண்டு போகக் கூடாது. அதற்கென்று பழைய கல் ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். இந்தத் தொல்லை வேண்டாம் என்றால், தட்டோடு பற்றவைத்துக் கிடைக்கும் எல்இடியை வாங்குவதே மேல். ஒயர்களை இணைக்கும்போது செம்புத் தட்டு சூட்டை உடனே உறிஞ்சிக்கொள்ளும். சிறிய சால்டரிங் அயர்னால் அங்கே ஈயம் உருகாமல் திரளும், அகலமான முனையுள்ள 60 வாட் அயர்ன் வேண்டும். எல்இடியின் மூடியை விரலால் தொட வேண்டாம். எஸ்எஃப்டி-40இல் மூடியே இல்லாததால், மஞ்சள் பரப்பின்மேல் எதுவும் பட்டுவிடாமல் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

நடுவில் நிறுத்துவதற்கு, 3.5 மில்லிமீட்டர் சதுரத் துளை உள்ள நடுவிடும் வளையம் தனியாகக் கிடைக்கிறது. அதன் வெளிவிட்டம் உங்கள் ரிஃப்ளெக்டரின் துளைக்குப் பொருந்துகிறதா என்று அளந்து வாங்குங்கள். அது நடுவிடுவதற்கு மட்டுமன்றி மின்காப்புக்கும் வேண்டும். ரிஃப்ளெக்டர் உலோகம் என்பதால், ஒயர் பற்றிய ஈயத் திரட்சியைத் தொட்டால் மின்சுற்று குறுக்கிணையும். ஈயத்தைத் தட்டையாகவும் வளையத்துக்கு வெளியிலும் வையுங்கள்.

இதில் எல்லோரையும் சோதிப்பது குவியம். எக்ஸ்எம்-எல்லின் ஒளிரும் பரப்பு இருந்த உயரமும் 519ஏயின் உயரமும் ஒன்றல்ல. புதிய தாங்கியின் மேல்முகம் அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால்கூட ஒளிவட்டம் மாறும். மூன்று நான்கு மீட்டர் தொலைவில் உள்ள வெள்ளைச் சுவரில் அடித்துப் பாருங்கள். நடுவில் இருண்ட பொட்டு தெரிந்தால், வளையத்தின் தடிமனைச் சிறிது சிறிதாக உப்புத்தாளில் தேய்த்துக் குறைத்துப் பாருங்கள். குறைத்தால் மோசமாகிறது என்றால் மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றைச் சேர்த்து உயர்த்த வேண்டும். ஒளிவட்டம் மிகச் சிறியதாக ஆகும் நிலைதான் சரியான நிலை. தாங்கியைக் கடையச் சொல்லும்போதே அதை மரையில் ஏற்றி இறக்கும்படி கடையச் சொன்னால், இந்தத் தேய்ப்பு வேலை பாதியாகக் குறையும்.

வெப்பப் பசையைப் பற்றிக் கேட்பீர்கள் என்பதால் முன்பே சொல்கிறேன். பசையின் கடத்துதிறன் நல்லதிலேயே சில வாட்தான். உலோகத்தோடு அதற்கு ஒப்பே இல்லை. மேடுபள்ளங்களை நிரப்பும் அளவுக்கு மெல்லிய படலம் போதும். தாங்கியின் முகத்தையும் தட்டின் அடியையும் கண்ணாடிமேல் விரித்த உப்புத்தாளில் வைத்து மட்டமாகத் தேய்த்துவிட்டுப் பசை தடவுங்கள்.


மலைப்பாதை (ஏற்காடு அடிவாரம்)

ஒரு சிறு சேர்க்கை. 7135 டிரைவர்கள் குறைந்த வெளிச்சத்தை, எல்இடியை வேகமாக அணைத்து ஏற்றியே தருகின்றன. அந்த வேகம் குறைவாக உள்ள பழைய டிரைவர்களில், தூறலில் நடக்கும்போது மழைத்துளிகள் கோடாகத் தெரியாமல் புள்ளி புள்ளியாகத் தெரியும். உங்களுக்கு அது தொந்தரவாக இருந்தால், எஸ்எஃப்டி-40 தாங்கிக்கு வேறு டிரைவர் வாங்கும்போது மின்னழுத்தத்தைக் குறைத்து, சீரான மின்னோட்டம் தரும் பக் வகையைக் கேளுங்கள். மிகுதி மின்னழுத்தத்தை அது சூடாக்கி வீணடிப்பதும் குறைவு. ஒற்றை மின்கலத்துக்கான வகைதானா என்று பார்த்து வாங்க வேண்டும்.


காப்பித்தோட்டம் (நாகலூர், ஏற்காடு)

செம்புத் தாங்கி வந்துவிட்டது, 519ஏயும் பொருத்தியாயிற்று. முதலில் நடுவில் இருண்ட பொட்டு இருந்தது. வளையத்தைத் தேய்த்ததும் மறைந்தது. வெளிச்சத்தின் அளவில் மாற்றம் எதுவும் எனக்குத் தெரியவில்லை, அண்ணன் முன்பே சொன்னதுதான். ஆனால் நேற்று மாலை சாக்கைக் கொட்டியதும் பச்சைக்காயும் அரைப்பழமும் தனித்தனியே தெரிந்தன. பல்ப் மாட்டியிருக்கும் மூலைக்குப் பழத்தைச் சுமந்து போகும் வேலை மிச்சம். இங்குள்ள குளிரில் பத்து நிமிடம் தொடர்ந்து எரித்தும் தலைப்பகுதி கையில் பிடிக்கும் சூட்டிலேயே இருந்தது. முன்பு எல்இடியின் வெப்பம் வெளியேறவே வழியில்லாமல் இருந்திருக்கிறது; இப்போது உடல் முழுதும் ஒரே சீராகச் சூடேறுகிறது.

இடுப்புக்குக் கீழே பிடிப்பது மூட்டத்தில் உண்மையாகவே பயன்படுகிறது. கருப்புக் குழாயை இன்னும் செய்து பார்க்கவில்லை. மழைத்துளி புள்ளியாகத் தெரிவது இங்கும் உண்டு என்பதை இப்போதுதான் கவனித்தேன். எஸ்எஃப்டி-40க்கான பக் டிரைவர் 17 மில்லிமீட்டர் விட்டத்தில் கிடைத்தால் போதும். தாங்கியின் அடிப்பகுதி அந்த அளவுக்குத்தான் கடைந்திருக்கிறது.


பட்டறைவாசல் (சேலம், சூரமங்கலம்)

17 மில்லிமீட்டர் பரவலாகக் கிடைக்கும் அளவுதான். வாங்கும்போது விட்டத்தோடு, உதிரிகள் எவ்வளவு உயரம் நிற்கின்றன என்பதையும் பாருங்கள். பக் டிரைவரில் சுருள் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். தாங்கியின் மேல்பகுதி இப்போது கெட்டியாக இருப்பதால் உள்ளே ஆழம் குறைவு. டிரைவர் கைக்கு வந்த பிறகு இரண்டாவது தாங்கியைக் கொண்டு வந்தால், சுருளுக்கு மட்டும் பள்ளம் எடுத்துத் தரச் சொல்லலாம்.